தானாகப் போகாது

நவம்பர், ஊலு.
மூன்று மணிக்கே தெருவிளக்கு எரிகிறது.
பகலெல்லாம் பிறர் வாய்க்குள் குனிந்து
காரை சுரண்டிவிட்டு வருகிறேன்.
கோட்டைக் கழற்றாமல் மீன்தொட்டி முன் நிற்கிறேன்:
இங்கேயும்.

முதல் வாரம் நிழல் மாதிரிதான் இருந்தது.
பிளாஸ்டிக் நாணல், பிளாஸ்டிக் அல்லியிலை,
எந்தக் கடலிலும் முளைக்காத ஓர் ஊதாப் புதர்,
எல்லாவற்றின் மேலும்
கழுவ மறந்த காப்பிக் கோப்பையின்
அடியில் மறுநாள் இருக்குமே, அந்த நிறம்.

சாகாது என்றுதான் செயற்கைச் செடி வாங்கினேன்.
உயிருள்ளவற்றோடு எனக்கு ராசியில்லை.
கள்ளிச்செடியே என் ஜன்னலோரத்தில்
தண்ணீர் அதிகமாகிச் செத்தது.
சாகாததன் மேல் ஏறிக்கொண்டு
வேறொன்று வாழும் என்று
விலைச்சீட்டில் யாரும் எழுதவில்லை.

பல்துலக்கிகளுக்கு என் வீட்டில் பஞ்சமா?
மென்முனை, நடுத்தரம், பிள்ளைகளுக்கான கரடி போட்டது.
ஞாயிற்றுக்கிழமை ஒவ்வோர் இலையாய் வாளியில் இட்டு
ஈறிலிருந்து நுனி நோக்கி
(கை அப்படித்தான் போகிறது)
தேய்த்தேன்.
தண்ணீர் தேநீரானது.
‘இன்னும் கொஞ்சம் திறங்க’ என்று
ஊதாப் புதரிடம் நான் சொன்னதை
மீன்கள் மட்டும் கேட்டன.

பத்தாம் நாள் திரும்ப வந்துவிட்டது.

கடைக்காரப் பையன் யெஸ்ஸே சிரித்தான்.
கீழ்வரிசை முன்பற்களின் பின்னால்
மூன்று வருடக் காரை.
“புதுத் தொட்டிதானே? புது மணல்.
அதில் சிலிக்கா இருக்கும், குழாய்த் தண்ணீரிலும் இருக்கும்.
தின்று தீர்ந்ததும்
தானாகப் போய்விடும்.”

தானாகவா.
இருபத்திரண்டு வருடமாக
அந்த நாற்காலியில் சாய்ந்தவர்கள் எல்லோரும்
இதைத்தான் சொல்கிறார்கள்.
ஒரு வரிக்குதிரை நத்தையையும் விற்று அனுப்பினான்.

நத்தையை நம்பவில்லை.
ஒரு பங்கு பிளீச், இருபது பங்கு தண்ணீர்.
கால் மணி நேரம்தான் ஊறவைக்க நினைத்தேன்.
கெமியிலிருந்து அக்கா லஹ்யா அழைத்தாள்,
வீட்டை விற்பதா, அவனை விடுவதா,
எது முதலில் என்று.
பேசி முடித்து வந்து பார்த்தால்
ஊதாப் புதர்
ரத்தம் வற்றிய ஈறுபோல் கிடக்கிறது.
ஏழு முறை அலசினேன். முகர்ந்தேன்.
குளோரின் நீக்கியில் முக்கி, மறுபடி அலசி
வெந்நீர்க் குழாய் மேல் இரவெல்லாம் காயவைத்தேன்.

மிச்சமிருந்தது தேய்க்காத ஓர் அல்லியிலை.
அதிலிருந்து ஒரு துளி சுரண்டி
மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.
இரண்டு நோயாளிகளுக்கு நடுவே
நுண்ணோக்கியில் வைத்தேன்.
படகுகள். மூடி போட்ட சிமிழ்கள்.
ஒரு முடியின் அகலத்தில்
நூறு பல் கொண்ட சீப்புகள்.
எல்லாம் கண்ணாடி.
என் கண்ணாடித் தொட்டிக்குள்
இவை தமக்கென்று கட்டிக்கொண்ட
கண்ணாடி.
அடுத்தவர் உள்ளே வந்து இருமினார்.
துடைத்துவிட்டேன்.

வெளுத்த புதரில் நத்தை இரண்டு நாள் அலைந்தது.
ஒன்றும் கிடைக்கவில்லை போலும்,
மூன்றாம் நாள் அந்த ஓர் இலையில் இருந்தது.
அதை நான் விட்டுவைத்தேன்.
இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம்;
சோம்பலும் உண்டு.

ஜனவரி கடைசியில் பழுப்பு மெலிந்தது.
நத்தை தின்றதா, சிலிக்கா தீர்ந்ததா, தெரியாது.
யெஸ்ஸேயிடம் சொல்லவில்லை.
பேருந்து ஓட்டும் ஊர்ஹோ
வாயில் பஞ்சோடு கேட்டார்,
“விட்டால் தானாகப் போகாதா?”
“போகாது” என்றேன்,
வழக்கத்தைவிட ஒரு நொடி தாமதித்து.

இன்று இரவு
பல்மருத்துவக் கண்ணாடியைத் தொட்டியோடு ஒட்டிப் பிடித்து
நத்தையின் வாய்க்குள் பார்க்கிறேன்.
வரிசை வரிசையாய்ப் பற்கள் உண்டாம்,
தேயத் தேயப் புதிதாக வருமாம்.
அந்த இலையின் கடைசிப் பழுப்பில்
அவை இழுத்த வளைகோடுகள்,
நெருக்கமாய், அவசரமில்லாமல்.
என் கைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
வாயைத் திறக்கிறது. மூடுகிறது.
நான் சொல்லாமலே.